விரிந்த கை

குழிக்குள் இருக்கும் பகிசோ தரவேண்டியது நாலாயிரத்து இருநூற்று அறுபது ராண்ட். மாவு, டின் மீன், டார்ச் பேட்டரி, குழியில் இறக்கிய கூலி எல்லாம் சேர்த்து லெபோனா தன் கையால் நோட்டில் எழுதிய கணக்கு. ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன். எழுத்தைவிட எண்ணை அதிகம் நம்பினான்.

கம்பெனி விட்டுப்போன தங்கக் குழி அது. கயிறு லெபோனாவுக்கும் செகோபிக்கும் சொந்தம். கீழே போனவன் தங்கத்தூள் அனுப்பிக் கடனை அடைத்தால்தான் மேலே வரலாம். அதுதான் எல்லாக் குழிக்கும் வழக்கம். இவர்கள் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை.

சனிக்கிழமைதோறும் கயிறு மேலே வரும்போது அட்டைத்துண்டு ஒன்றும் வரும். பகிசோ தன் மனைவி மாலினேயோவுக்கு அனுப்பும் பாட்டு. எழுத்து ஒன்றும் இருக்காது, கைகள்தான். பாறை துளைக்கும் டிரில் ஓடும் இடத்தில் வாய்ப்பேச்சு செல்லாது. சுரங்கக்காரன் கையால்தான் பேசுவான். அந்தக் கைகளையே பேட்டரிக் கரியால் அட்டையில் சுற்றி வரைவான் பகிசோ. குழாயை இழுக்கும் இரண்டு விரல் வந்தால் 'காற்று போதவில்லை'; அவன் பாட்டில் அது ஏக்கம். காதோரம் மடக்கிய கை 'பாறை பேசுகிறது, கேள்', அது பயம். வரிக்கு இரண்டு கை, பாட்டுக்கு நாலு வரி. கடைசியில் விரிந்த இடது கை, அவன் கையெழுத்து. அதில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். மீதியைப் பழைய டிரில் தின்றிருந்தது.

மாலினேயோ கம்பளியைத் தோளில் ஊக்குக் குத்திக்கொண்டு வருவாள். பாட்டை வாசித்துவிட்டு விரிந்த கைமேல் தன் கையை வைத்துப் பார்ப்பாள். அவள் சுண்டுவிரல் மட்டும் கோட்டைத் தாண்டி நிற்கும்.

"கை படம் போட்டே கடனைத் தள்ளிரலாம்னு பாக்குறான் உன் புருஷன்," என்பான் செகோபி.

"உங்களுக்கு ரெண்டு கை இருந்து என்ன, ஒரு வரி வருமாண்ணே?" என்பாள் அவள்.

ஆகஸ்ட் கழியும்போது பாட்டு சுருங்கியது. நாலு வரி இரண்டாயிற்று. விரல்கள் மெலிந்திருந்தன; கரி தடுமாறியிருக்கும் என்று லெபோனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்த வாரம் ஒரே கை. கட்டைவிரல் நிமிர்ந்த முஷ்டி, கீழே விரிந்த கை.

"இழுக்கச் சொல்றாருண்ணே," என்றாள் மாலினேயோ.

"தெரியுது தங்கச்சி. கணக்கு முடியட்டும்."

அவள் கெஞ்சவில்லை. குழியின் வாயைச் சற்று நேரம் பார்த்தாள். அங்கிருந்து ஈரக் காற்று வந்துகொண்டிருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை வந்தது முழுப்பாட்டு. நாலு வரி, எட்டுக் கை, கோடுகள் கனமாக. "பாத்தியா, தெம்பாத்தான் இருக்கான்," என்றான் செகோபி. லெபோனாவும் அப்படியே நம்பினான். பகிசோ பேருக்கு இன்னொரு பை மாவு கட்டினான்.

மாலினேயோ விரிந்த கைமேல் தன் கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"இது யாரு கை?"

லெபோனா குனிந்து பார்த்தான். சுண்டுவிரல் முழுசாக இருந்தது.

லெபோனா மாவுப்பையில் ஒரு துண்டு கிழித்தான். தன் கையை மல்லாக்க வைத்துச் சுற்றி வரைந்தான். 'கேட்கிறேன், சொல்' என்று அர்த்தம். அதைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு உட்கார்ந்தான். வெயில் உச்சிக்கு வந்தபோது கயிறு மூன்று முறை அசைந்தது.

மேலே வந்த அட்டையில் மூன்று ஆட்களின் மூன்று கை. எல்லாம் ஒரே அடையாளம், குறுக்கே கிடத்திய மூடிய முஷ்டி. டிரில்லை நிறுத்தியாயிற்று என்று காட்டுவது. அடியில் எவனோ எழுத்துத் தெரிந்தவன் எழுதியிருந்தான். லெபோனா எழுத்துக் கூட்டி வாசித்தான்: 'பகிசோ போய்ப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அவன் பேர் இருந்தால்தான் எங்களுக்கு மாவு வரும். நிறுத்திவிடாதீர்கள்.'

பன்னிரண்டு. கட்டைவிரல் வந்த சனிக்கிழமை கழிந்து ஏழு நாள்தான் ஆகிறது. லெபோனா விரல் விட்டு எண்ணினான், இரண்டு முறை. பகிசோ கட்டைவிரலை நிமிர்த்தி வரைந்தது எந்த நாளோ. அட்டை மட்டும் கயிறு வரும்வரை கீழே காத்துக் கிடந்திருக்கிறது.

"நான் அன்னைக்கே இழுத்திருந்தாலும்..." என்று ஆரம்பித்தான்.

"அதை எங்கிட்ட சொல்லாதீங்கண்ணே."

அவள் கணக்கு நோட்டைச் சுட்டிக்காட்டினாள். அவன் பென்சிலை எடுத்தான். நாலாயிரத்து இருநூற்று அறுபதின்மேல் கோடு போட்டான்.

"அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு."

"அப்ப கணக்கு முடிஞ்சிருச்சு," என்றாள் மாலினேயோ. கம்பளியை அவிழ்த்துக் குழியோரம் தரையில் விரித்தாள். "இழுங்க."

லெபோனா, பகிசோவைக் கட்டச் சொல்லிக் கயிற்றை இறக்கி, அது மூன்று முறை அசைந்ததும் பிடித்தான். செகோபியும் வந்து பிடித்தான்.