இருபத்தாறு சாட்சிகள்

என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. பதினாறு வருடமாக ஃப்ரேசர் டவுனில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். கண் பாதிதான் பார்க்கிறது, மீதியை மனசு நிரப்பிக்கொள்கிறது என்று போர்டில் எழுதிப் போட்டால் எந்தப் பிள்ளை நம்புகிறது? அதனால் செவ்வாய்க்கிழமை ஒரு நாடகம் போட்டேன். என் கொழுந்தன் டிரேவர் வகுப்புக்குள் பாய்ந்து வந்து, மேசையிலிருந்த என் போனைப் பறித்துக்கொண்டு ஓடினான். நீலச் சட்டை, மழித்த முகம். அவனை அங்கே யாருக்கும் தெரியாது.

"பார்த்ததை எழுதுங்க," என்றேன்.

நாற்பது பேரில் இருபத்தாறு பேர் தாடி, காக்கிச் சட்டை என்று எழுதியிருந்தார்கள். வெளியே வராந்தாவில் ஏணி போட்டு டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் முனிராஜின் அடையாளம்! அடேயப்பா, எனக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்! உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் கழித்துச் சொன்னால் பொய்யான நினைவு இன்னும் கெட்டிப்படும், பாடமும் நன்றாக உறைக்கும் என்று நினைத்தேன். பெரிய மேதாவி நான்.

புதன் காலை டிரேவரையே கூட்டி வந்து நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

முதல் வரிசை ஷ்ரேயாஸ் எழுந்தான். "அப்போ முனிராஜ் ஏன் மேம் ஓடினான்?"

"எங்கே ஓடினான்?"

"நேத்து சாயந்தரம் கேட்ல பிடிச்சோம். பையைக் காட்டுன்னோம். கையெல்லாம் நடுங்குச்சு. தள்ளி விட்டுட்டு ஓடிட்டான். தப்பு பண்ணாதவன் ஏன் ஓடணும்?"

"பத்து பேர் சுத்தி நின்னா நீ ஓட மாட்டியாடா?"

"பாவம் பாத்து அவனைக் காப்பாத்துறீங்க மேம்," என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. "போன மாசம் என் இயர்போனும் காணோம்."

"நான்தான்பா எடுத்தேன்!" என்று டிரேவர் கத்தினான். அவனையும் முறைத்தார்கள். முனிராஜை மடக்கியதை வீடியோ எடுத்து, 'திருடன்' என்று போட்டு எல்லா குரூப்பிலும் அனுப்பியிருந்தார்கள்.

ஆட்டோ பிடித்து லிங்கராஜபுரத்தில் முனிராஜின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மமதா கதவைத் திறந்தாள். உள்ளே பீரோ திறந்து கிடந்தது. துணியெல்லாம் தரையில்.

"காலேஜ் டீச்சர்தானே? வீடியோ பாத்தேன் மேடம்," என்று அழுதாள். "வீடு பூரா தேடிட்டேன். அரிசி டப்பாவைக்கூடக் கொட்டிப் பாத்துட்டேன். உங்க போன் கிடைக்கல. கிடைச்சிருந்தா நானே கொண்டாந்து உங்க கால்ல விழுந்திருப்பேன்."

"முனிராஜ் எங்கேம்மா?"

"நான் தேடறதை நின்னு பாத்துட்டே இருந்தாரு. பாக்கெட்ல இருந்த எல்லாத்தையும் எடுத்து என் முன்னாடி வெச்சாரு. நேத்து ராத்திரி அப்படியே வெளியே போனவருதான். இன்னும் வரல."

கட்டில் மேல் பர்ஸ், சாவிக்கொத்து, டெஸ்டர். பக்கத்தில் அவருடைய போனும் இருந்தது.

"ஐயோ, அது திருட்டே போகலம்மா. பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த நான் போட்ட நாடகம். இதோ பாருங்க!" கைப்பையிலிருந்து என் போனை எடுத்து அவள் முன் நீட்டினேன்.

அவள் அதையே பார்த்தாள். அழுகை நின்று முகம் தெளிந்தது.

"திருப்பிக் குடுத்துட்டாரா மேடம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கே பாத்தீங்க அவரை? எப்போ பாத்தீங்க?"