ஆல்பியின் மேற்பொத்தான்

கிழக்கே மலைத்தொடர் பனித்துகில் நீக்க, தொழிற்கூடத் தகரக் கூரைகளில் இளவெயில் வழிந்து மின்ன, தொடர்வண்டி விட்டிறங்கிய மக்கள் பல மொழி பேசிப் பரந்து செல்லும் ஆஸ்திரேலிய நாட்டு டண்டினொங் நகரின் காலைப்பொழுதில், அறிவுசால் அன்பரே, ஊர்மன்றத்து ஓவியக்கூடம் மட்டும் பேச்சடங்கி நின்றது.

முன்னொரு காலத்தில் வெள்ளையர் அரசாணையால் தாய்மடியினின்று பறிக்கப்பட்டு, விடுதிகளில் அடைபட்டு, வீடு மீளாது போன இம்மண்ணின் முதற்குடிச் சிறார்க்கென எழுதிய உருவோவியங்கள் அங்கே பத்து மணிக்குக் காட்சிக்கு வரவிருந்தன. ஆல்பி என்னும் ஆறு வயதுச் சிறுவனை, விடுதியார் எடுத்த ஒரே நிழற்படங்கொண்டு தீட்டியவள் சிவசோதி. கிளிநொச்சியில் இழவு வீடுகளுக்கு இறந்தோர் உருவெழுதிப் பழகிய அவள் கை, முகத்தை முடித்த வேகத்தில், மார்பின் குறுக்கே மஞ்சட்பூ மாலையொன்றையும் எழுதிவிட்டிருந்தது. ஆல்பியின் தமக்கை, எல்லாரும் ஜூன் அன்ரி என்றழைக்கும் முதியவள், இசைந்தாலன்றிப் படம் சுவரேறாது.

"ஏன் இந்த மாலை?" என்றாள் ஜூன்.

"எங்கட வழக்கம், அன்ரி. செத்தவைக்குச் செய்யிற மரியாதை."

"செத்தானென்று உனக்கு யார் சொன்னது? புதைகுழியை எனக்கு ஒருவரும் காட்டவில்லை. செத்தவர் பெயரை என் ஆட்கள் வாயால் சொல்வதில்லை. நானோ ஆல்பி, ஆல்பி என்று தினமும் கூப்பிடுகிறேன். அகற்று இந்தப் படத்தை!"

படையினரிடம் கையளிக்கப்பட்டு மீளாத தன் தம்பி கபிலனின் படத்துக்குப் பூக்கொண்டு வந்த அயலாளைத் தாய் வாசற்படலையோடு திருப்பியனுப்பிய நாள், சிவசோதியின் நெஞ்சில் முள்ளாய் ஏறியது. அறிந்திருந்தும் செய்தேனே என நாணினாள்.

காட்சிப் பொறுப்பாளன் அருந்தவன் மணியைப் பார்த்தான். "அக்கா, ஒரு மணித்தியாலந்தான் கிடக்கு. வடிவான மாலை, விடுங்கோவன்."

"வடிவை நீர் வீட்டுக்குக் கொண்டு போம். எனக்குக் கத்தியைத் தாரும்," என்றாள் சிவசோதி.

முழுதும் உலராத மஞ்சளை அவள் பூப்பூவாய்ச் சுரண்டியெடுத்தாள். மாலையின் அடியில் விடுதியின் சாம்பல்நிறச் சீருடை தலைகாட்டியது. கத்தி நின்றது.

"அன்ரி, அவனைக் கொண்டுபோன கார் வந்த அண்டைக்கு என்ன சட்டை போட்டிருந்தவன்?"

ஜூன் சொன்னாள்: "சிவப்புக் கட்டம் போட்டது. அம்மா தைத்தாள். மேற்பொத்தான் இல்லை. முதல்நாள் சண்டையில் நான்தான் பிய்த்தேன். அவன் மட்டும் சும்மாவா? கையைக் கடித்தான், கள்ளன்!"

சாம்பலும் சுரண்டப்பட்டது; கட்டங்கள் ஒவ்வொன்றாய்ச் சிவந்தன. பத்தடித்துக் கதவு திறந்து, வந்தோர் வரிசையாய்க் காத்து நிற்கவும், சிவசோதி தலைநிமிராமல், பொத்தான் இருந்த இடத்தில் தொங்கும் ஒற்றை நூலை எழுதி முடித்தாள்.

ஈரம் காயாத படத்தின் ஒரு முனையைத் தானே பற்றித் தூக்கிச் சுவரில் மாட்டிய ஜூன், சாய்ந்திருந்த சட்டத்தைத் தட்டி, "ஆல்பி, நேரே நில்," என்று அதட்டினாள்.

மாண்டார்க்கு மாலை சூட்டுதல் அன்பெனின், மாண்டாரென ஒப்பாது பெயர் சொல்லி அழைத்து நிற்றலும் அன்பே. காட்டாத புதைகுழிக்கு விடை கேட்கும் குரல் அதுவே.