கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

சில மாதங்களாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடுவதில்லை. அண்ணி அதன்மேல் ஆஸ்பத்திரி வரைபடத்தையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களின் படத்தையும் விரித்திருந்தாள். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். "காபி கொட்டிடாதே, ஒரு தெருவே முழுகிடும்" என்பான் அண்ணன்.

அண்ணி ஆஸ்பத்திரியில் சமூகப்பணியாளர். இரண்டு பேட்டைகளுக்கு நடுவே ஓயாமல் நடக்கும் வெட்டுக்குத்தைத் தடுக்க ஒரு திட்டம் வகுக்கும் வேலை அவளிடம் வந்திருந்தது. அதற்காகப் போட்ட கமிட்டியில் மற்றவர்கள் கேமரா வைக்கலாம், தெருவிளக்கு போடலாம் என்றார்கள். பள்ளிக்கூட ஆசிரியையான எனக்குப் பேச்சுப்போட்டிக்கு மேல் எதுவும் தோன்றவில்லை. அண்ணி மட்டும் அடிபட்டவர்களைத் தேடித்தேடிப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "அடிபட்டதுக்கு அப்புறம் முதல்ல யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்க?" ஏன் அடித்தார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை.

அந்தப் பதில்களிலிருந்து அவளுக்கு ஒன்று புரிந்தது. அடுத்த சண்டை தெருவில் பிறப்பதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில், தையல் போட்டு முடிப்பதற்குள், நண்பர்களின் வாயில் பிறக்கிறது. அந்த நேரத்தில் அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும். போலீசாகவோ டாக்டராகவோ இல்லாத, இரண்டு பேட்டை இளைஞர்களும் மதிக்கும் ஆள்.

இரண்டு பக்கமும் சொன்னது ஒரே ஆளைத்தான். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு தகராறில் அண்ணனின் முழங்காலை இரும்புக் கம்பியால் உடைத்தார்கள். அப்போது அண்ணனின் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தது இந்த வெல்டர்தான். ஜெயிலுக்குப் போய்வந்தார். அண்ணன் இன்றும் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் ஏறுகிறான்.

அண்ணனிடம் சொல்லாமலே அவரைச் சேர்த்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். வீட்டு நிம்மதிக்காக என்று ஒரு பெயரும் வைத்திருப்பேன். அண்ணி அன்று சாயங்காலமே, அண்ணன் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள்.

"அந்த வேலைக்கு ஒருத்தரைப் பாத்திருக்கேன். வெல்டர்."

அண்ணன் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தான். "ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"தேடினேன். மத்தவங்க பேசினா பசங்க காதுல ஏறல. நீங்க வேண்டாம்னா அவர் வேண்டாம். அவர் இல்லைன்னா இந்தத் திட்டம் நிக்காது. வியாழக்கிழமை கமிட்டியில அப்படியே சொல்லிடறேன்."

"ஆக, பழி என் தலையில."

"உங்க பேரையே எடுக்கமாட்டேன். எனக்கு ஆள் கிடைக்கலைன்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

அவள் குரலில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. இத்தனை நாள் உழைப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நிற்காமல் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்பென்று நான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் பயம்தானோ என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு நாள் அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மேசையருகே வந்து வரைபடத்தைக் குனிந்து பார்த்தான்.

"அந்த ஆளுக்கு நாற்காலி எங்க போட்டிருக்க?"

"வெளியில. எல்லாரும் காத்திருக்கிற ஹால்ல."

"அங்க உக்காந்து ஈ ஓட்டவா? நான் அடிபட்டுக் கிடந்தப்ப என் சிநேகிதனுங்க ஒருத்தன்கூட ஹால்ல உக்காரல. தம்பி, மச்சான்னு சொல்லிட்டு நேரா கட்டிலுக்கே வந்துட்டானுங்க. அன்னிக்கு எனக்கு ஏழெட்டுத் தம்பிங்க."

"எனக்குத் தெரியாம அம்மா எப்ப பெத்தாங்க அத்தனை பேரை?" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "வந்து என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். ஊரெல்லாம் கேட்ட கேள்வியைக் கட்டிய கணவனிடம் அவள் இதுவரை கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யாருன்னு மட்டும் சொல்லு, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்னானுங்க. சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. மயக்க மருந்து முந்திக்கிச்சு."

அண்ணி ரப்பரை எடுத்து ஹாலில் இருந்த நாற்காலியை அழித்தாள். அதைச் சுற்றித்தான் பாதித் திட்டம் எழுதப்பட்டிருந்தது. "இதை எப்படி விட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வரைந்தாள். தன் தப்பை இவ்வளவு சாதாரணமாக அழிக்க எனக்கு வராது.

"கமிட்டிக்கு முன்னாடி அவன் எப்படிப் பேசறான்னு நான் பாக்கணும். அடிபட்டவனா நான் படுத்துக்கறேன்" என்றான் அண்ணன்.

ஆஸ்பத்திரியில் முதலுதவி பழக்கும் அறை அன்று காலியாக இருந்தது. கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அண்ணன் படுத்தான். அண்ணி வரச்சொல்லியிருந்த வெல்டர் உள்ளே வந்தார். முன்கையெல்லாம் தீப்பொறி பட்ட புள்ளிகள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, கோபம் வரத்தான் செய்யும். ஆனா இப்ப ஒரு பேரு சொன்னீங்கன்னா..."

"யாரு செஞ்சான்னு எனக்குத் தெரியும்" என்றான் அண்ணன், கூரையைப் பார்த்தபடி.

வெல்டர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "எனக்கும் தெரியும்ணே" என்றார். "பிடிச்ச கையை அன்னிக்கு விட்டிருக்கலாம். விடல."

நான் அண்ணியைப் பார்த்தேன். குறுக்கே ஏதாவது சொல்லமாட்டாளா என்றிருந்தது எனக்கு. அவள் சுவரோடு சாய்ந்து, இரண்டு கைகளையும் இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அண்ணன் முழங்காலை மெல்ல மடக்கி, நீட்டினான். பிறகு அண்ணி பக்கம் தலையைத் திருப்பினான்.

"வந்ததும் பேச ஆரம்பிச்சுடறான். வலியில கிடக்கிறவனுக்கு ஒண்ணும் காதுல விழாது. முதல்ல கொஞ்சம் சும்மா உக்காரச் சொல்லு." வெல்டரிடம், "வெளியில போய்ட்டு மறுபடி வா" என்றான்.

வெல்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மறுபடி திறந்துகொண்டு வந்து, இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பேசவில்லை. அண்ணன் கண்களை மூடிக்கொண்டான்.