லீலாவதிக்கு மட்டும் கொதிக்கும் ஜீப்

அந்த ஜீப்புக்கு லீலாவதி ஏறினால் மட்டும் ஏன் அப்படிக் கோபம் பொத்துக்கொண்டு வரவேண்டும்? மகாதேவன் ஏறினால் சமர்த்தாக மலையேறி, சமர்த்தாகத் திரும்புகிறது. லீலாவதி ஏறிய அன்றைக்கு, மெஹ்ரோலி தாண்டி ஆரவல்லிக் குன்றில் பாதி ஏறுவதற்குள் ஹீட் முள் சிவப்பைத் தொட்டுவிடும். காலடித் தகரம் தோசைக்கல்லாகச் சுடும். கிளட்ச் கருகும் நாற்றம் வேறு. பிறகென்ன, பானெட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஏதாவது முள்மரத்தடியில் உட்கார்ந்திருந்து, வேலையைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

1981 மே மாதம். டில்லி வெயிலைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடி நீர் ஆய்வு ஆபீஸ் ஒன்றில் லீலாவதியும் மகாதேவனும் ஒன்றாகச் சேர்ந்த உதவி ஆய்வாளர்கள். குன்றுகளில் கிடக்கும் கிணறுகளில் நீர்மட்டம் அளப்பது அவர்கள் வேலை. மேவாத் பக்கம் புதிதாக ஆழ்துளைக் கிணறு முகாம் ஒன்று தொடங்கவிருந்தது. இருவரில் ஒருவருக்குத்தான் அதன் பொறுப்பு. அந்த ஆபீஸில் ஒரு பெண்ணை நம்பி முகாமைக் கொடுத்த வரலாறே கிடையாது. லீலாவதி அதற்காகத் தவம் கிடந்தாள். இந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பாழாய்ப்போன ஜீப் அவள் மானத்தை வாங்கியது.

ஜீப்பை ஓட்டுபவர் தர்மன். சேலத்துப் பக்கம். ராணுவ வண்டி ஓட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். அவரும் மகாதேவனும் ஷெட் வாசலில் டீயும் கையுமாக எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பதை ஒரு நாள் லீலாவதி பார்த்தாள். இவளைக் கண்டதும் சிரிப்பு பட்டென்று நின்றது. அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தர்மன் எதைச் செய்தாலும் அவளுக்குக் கோணலாகவே தெரிந்தது. மனிதர் இவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஓட்டும்போது கதவோரம் ஒண்டிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருப்பார். குற்றமுள்ள நெஞ்சு இல்லாவிட்டால் எவனாவது அப்படி உட்காருவானா?

"மகாதேவன் சார் போனா மட்டும் வண்டி ஒண்ணும் பண்றதில்லையே, அது எப்படி?" என்று ஒரு முறை கேட்டே விட்டாள்.

"அது என்னமோங்கம்மா. வண்டிக்குத்தான் தெரியும்."

"ஏத்தத்துக்குன்னு லோ கியர் ஒண்ணு இருக்குமே, அதைப் போட்டா என்ன?"

"அதுங்களா? ஜாமாகிக் கெடக்குதுங்கம்மா." சொல்லிவிட்டு வெளியே பார்த்தார்.

லீலாவதி நேராக மேலதிகாரி ராமமூர்த்தியிடம் போய்க் கொட்டிவிட்டாள். தர்மன் வேண்டுமென்றே செய்கிறார், மகாதேவனுக்கு இதில் பங்கு உண்டு என்று ஒளிக்காமல் சொன்னாள். ராமமூர்த்தி டில்லி கோல் மார்க்கெட்டில் சர்க்கார் குவார்ட்டர்ஸ்காரர். தன் வீட்டுப் பெண்போல அவளை நடத்துபவர். கூலரைத் தன் பக்கமிருந்து அவள் பக்கம் திருப்பிவைத்து, "நீ ஒண்ணும் கவலைப்படாதே. நான் பாத்துக்கறேன்மா" என்றார். அந்த ஆபீஸில் அவள் முழுசாக நம்பிய மனிதர் அவர் ஒருவர்தான்.

அடுத்த முறை குன்றுக்குக் கிளம்ப வேண்டிய காலையில், தர்மன் வருவதற்கு முன்பே லீலாவதி ஷெட்டுக்குப் போய்விட்டாள். ரேடியேட்டரில் தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றினாள். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். ரேடியேட்டர் வலையில் அடைந்திருந்த புல்லையும் பூச்சியையும் குச்சியால் நோண்டி எடுத்தாள். பிறகு வண்டிக்குள் ஏறி, ஜாமாகிக் கிடப்பதாகச் சொன்ன லோ கியரின் சின்னத் தண்டைப் பிடித்து இழுத்தாள். அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. தண்டின் குமிழ் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று மின்னியது.

பொய்! பச்சைப் பொய்! மலையில் வைத்துக் கையும் களவுமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று தண்டைப் பழையபடி தள்ளிவிட்டு இறங்கினாள்.

குன்றில் மணலும் கல்லுமான ஏற்றம் தொடங்கியது. தர்மன் வழக்கம்போலக் கதவோரம் ஒண்டிக்கொண்டார். வண்டி முக்கியது, முனகியது. அரை கிளட்சில் அதை உந்தி உந்தி ஏற்றினார். ஹீட் முள் மெல்ல எழுந்தது. காலடித் தகரம் சுட ஆரம்பித்தது.

"நிறுத்துங்க!" என்றாள் லீலாவதி. "தண்ணி நான் ஊத்தினேன். பெல்ட்டை நான் பார்த்தேன். இப்ப அந்த லோ கியரைப் போடுங்க."

"அதுதான் ஜாமா..."

"காலையிலே நானே போட்டுப் பார்த்தேன். எதுக்கு இந்தப் புளுகு? யார் சொல்லிச் செய்யறீங்க? மகாதேவனா?"

தர்மன் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, அவரு இல்லீங்கம்மா."

"அவர் இல்லேன்னா வேற யாரோ இருக்காங்க. சொல்லுங்க, ஜல்தி!"

"ராமமூர்த்தி ஐயாங்க."

லீலாவதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தர்மன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தக் கியரு எங்க இருக்குதுன்னு நீங்களே பாருங்கம்மா. உங்க முழங்காலை ஒட்டி, சேலைக் கொசுவத்துக்குள்ள நிக்குது. நான் எப்படிங்க அங்க கையைக் கொண்டுவருவேன்? நீங்க வந்த புதுசுலயே ஐயா கூப்பிட்டாரு. வயசுப் பொண்ணு கூட வர்றா, கை பட்டுது கால் பட்டுதுன்னு ஒரு பேச்சு வந்துது, மறுநாள் நீ இங்கே இருக்க மாட்டேன்னாரு. எனக்கும் ஊருல பொண்ணு இருக்குதுங்க. உங்ககிட்ட இதை எந்த வாயால சொல்றது?"

"மகாதேவனோட சிரிச்சீங்களே?"

"அவரு என்னைக் கேலி பண்ணுவாருங்க. அம்மாகூடப் போறப்ப ஜன்னல்ல காயற துணி மாதிரி தொங்கறியேன்னு."

சிரிப்பதா, அழுவதா? இத்தனை நாள் இந்த மனிதரைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. "மன்னிச்சுக்குங்க தர்மன்" என்றாள். புடவைக் கொசுவத்தை அள்ளி மறுபக்கம் ஒதுக்கினாள். இன்ஜினை அணைக்காமல் நிதானமாக ஓடவிட்டு, முள் இறங்கும்வரை காத்திருந்தார்கள். "இப்பப் போடுங்கம்மா" என்று அவர் கிளட்சை மிதிக்க, அவளே சின்னத் தண்டை இழுத்தாள். ஜீப் மாவு மில்லாகக் கதறிக்கொண்டு, ஆனால் அலட்டாமல் ஏறியது. இன்ஜின் வேகமாகச் சுற்ற, ஃபேனும் வேகமாகச் சுற்றிக் காற்றை இழுத்தது. முள் நடுவைத் தாண்டவே இல்லை. அன்றைக்கு உச்சிக் கிணறு உட்பட ஒன்று விடாமல் அளந்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

முகமெல்லாம் புழுதியோடு லீலாவதி ராமமூர்த்தியின் அறைக்குள் போனாள். "எல்லாக் கிணறும் முடிஞ்சுது சார்!"

"அச்சா, அச்சா! உக்காருமா. ஐயோ, எப்படிக் கறுத்துப் போயிட்டே." கூலரை அவள் பக்கம் திருப்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேவாத்துக்கு நேத்தே மகாதேவன் பேரைச் சொல்லிட்டேன்மா."

லீலாவதி உட்காரவில்லை.

"நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. ஒவ்வொரு தடவையும் பாதியிலே திரும்பினதை மேல கேக்கறா. அதோட நீயே வந்து டிரைவர் மேல சந்தேகம்னே. கூட வர டிரைவரையே நம்பாத பொண்ணை, அவ்வளவு தூரம் காட்டுக்கு எந்தத் தைரியத்துல அனுப்பறது, சொல்லு?"

"தர்மன் மேல ஒரு தப்பும் இல்லே சார். நான்தான் தப்பா நினைச்சுட்டேன். வண்டியும் நல்ல வண்டி. லோ கியர் என் காலுகிட்ட இருக்கு. நீங்க மிரட்டினதுல அவர் அங்கே கையே கொண்டுவரல. கொதிச்சது அதனாலதான்."

ராமமூர்த்திக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் முகம் வாடியது. "உன் நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்? நாளைக்கு உன்னைப் பத்தி ஒரு பேச்சு வந்துடப்படாதேன்னு..."

"பேச்சு வரலே சார்" என்றாள் லீலாவதி. "முகாம்தான் போயிடுச்சு."