பிரிஹிடாவின் எடை

என் புருஷன் ஹிலாரியோவுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது, டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார் என்று எங்கள் ஊர் அத்லிஸ்கோவின் சந்தை முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் பிரிஹிடா. நான் இல்லை, அவள்! என் புருஷனின் ரத்தத்தைப் பற்றி அந்த விதவைக்கு என்ன பேச்சு? எனக்கு வயிறு எரியாதா?

இரண்டு பேரும் தினமும் காலையில் மருத்துவ நிலையத்து முற்றத்துக்கு உடற்பயிற்சி செய்யப் போகிறார்கள். எனக்கும் சர்க்கரைதான். போன மழைக்காலத்தில் கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. “நீயும் வா கிழவி” என்று அவர் கூப்பிடாத நாளில்லை. நான் எதற்குப் போகவேண்டும்? பெரிய கோபம் வந்தால் சர்க்கரை பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் தங்கை மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில் இந்த மனுஷன் பிரிஹிடாவோடு விடாமல் ஆடினாரே, எனக்குச் சர்க்கரை அன்றைக்கு வந்ததுதான்.

நர்ஸ் நயேலி வீட்டுக்கே வந்து, என் பேருக்கு முன்னால் மரியாதையாக ‘தோன்யா’ போட்டுக் கெஞ்சினாள்.

“தோன்யா குக்கா, எதால வந்தா என்ன? சர்க்கரைய இழுத்துத் திங்கிறது சதைதான். வேலை குடுத்தீங்கன்னா இன்சுலினுக்குக்கூடக் காத்திருக்காது. உக்காந்தே இருந்தா தொடை வத்திப்போகும். அப்புறம் அந்தச் சர்க்கரை எங்க போகும்?”

“பிரிஹிடா தொடைக்குப் போகட்டும்” என்றேன்.

ஆனால் ஹிலாரியோவின் தோள் அகன்றுகொண்டே வந்தது. சட்டை இறுகியது. குளிக்கும்போது சீட்டியடித்தார். இந்த வயதில் யாருக்காக இந்த மினுக்கு? பொறுக்க முடியாமல் ஒருநாள் நொண்டிக்கொண்டே போய் முற்றத்தை எட்டிப் பார்த்தேன்.

பெண்கள் மணல் நிரப்பிய சோடா பாட்டில்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். என் புருஷன் குனிந்தார். பிரிஹிடா அவர் முதுகில் ஏறினாள். அவளைச் சுமந்துகொண்டு அவர் படியேறினார்.

“அடப்பாவி! யோவ், பட்டப்பகல்ல வெக்கமா இல்ல?”

பிரிஹிடா சறுக்கி இறங்கினாள். “தோன்யா குக்கா, நீங்க நெனைக்கிற மாதிரி...”

“நீ வாய மூடுடி!”

ஹிலாரியோ தரையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினார். “அவளும் நீயும் ஒரே எடை. தராசுல நிறுத்திப் பாத்தேன்.”

“அதுக்கு?”

“நம்ம படுக்கை மாடியில இருக்கு. இப்படியே உக்காந்திருந்தா அடுத்து காலையே எடுக்க வேண்டிவரும்னு டாக்டர் சொன்னாரு. அப்ப உன்ன யாரு தூக்குவா? நான் இப்பவே பழகிக்க வேணாமா?”

டாக்டர் என் காலை எடுப்பதற்கு முன்னாலேயே இந்த மனுஷன் மனசுக்குள் எடுத்துவிட்டார்!

“இது இவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

அவர் தலையாட்டினார். என்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறார். ஆடியதைவிட, முதுகில் ஏற்றியதைவிட, அதுதான் நெஞ்சை அறுத்தது.

நயேலி சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். “உக்காந்து எழுந்திரிங்க. அது போதும்.”

உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. ஹிலாரியோ ஓடிவந்து கை நீட்டினார். தட்டிவிட்டேன். பிரிஹிடாவின் கையை இறுகப் பிடித்து எழுந்து நின்றேன்.

“இனிமே அந்த ஆளு முதுகுல ஏறிப் பாரு, உனக்கு இருக்குடி.”

“ஏற மாட்டேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அவள் கையை விடாமல் மறுபடி உட்கார்ந்தேன்.