காற்று வரும் திசை

அறிக்கையின் அட்டைக்கு அழகான படம் ஒன்று வேண்டும் என்று மேலிடம் கேட்டதால்தான் அவள் அந்த வரைபடத்தைத் திறந்தாள். வரப்போகும் வருடங்களில் துருவக் கடலின் உறைபனி எப்படியிருக்கும் என்று கணினி போட்டுக் கொடுத்த கணிப்பு. அதன்மேல் காற்றுக்கு நீல அம்புகளும் பனி நகர்வுக்கு வெள்ளை அம்புகளும் வரைந்தாள். காற்று தள்ளுகிற பக்கம்தான் பனி போகவேண்டும். இரண்டும் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி எதிரெதிர்ப் பக்கம் திரும்பி நின்றன.

காற்று அவள் பொறுப்பு. பனி, எதிர் மேசை அண்ணனுடையது. காற்றுக்காரர்கள் காற்று எங்கிருந்து வருகிறது என்று எழுதுவார்கள். கடல்காரர்கள் எங்கே போகிறது என்று எழுதுவார்கள். சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். அவள் தன் வழக்கப்படி எழுதிக் கொடுத்தாள், அவர் தன் வழக்கப்படி வாங்கிப் போட்டார், காற்று தலைகீழாகிவிட்டது. பழைய வருடங்களை ஓட்டிச் சரிபார்த்தபோது போட்டது அவளுடையதல்ல, வேறு அலுவலகத்துக் காற்றுக் கணக்கு என்பதால் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. வராத வருடத்தை யார் போய்ச் சரிபார்ப்பது? கரையை விட்டு ஓடவேண்டிய பனி கரையிலேயே அடைந்து கிடந்தது. பனி தாக்குப்பிடிக்கும் என்று அறிக்கை எழுதி, எல்லாரும் கைகுலுக்கியும் ஆயிற்று.

அட்டை போட்டு அறிக்கை போனதும் அவளுக்கு மாற்றல், கணவனும் மகளும் இருக்கிற ஊருக்கு. கணிப்பு முழுவதையும் கணினியில் மறுபடி ஓட்டினால் அடுத்த கோடை வந்துவிடும், அதுவரை அந்த இடம் காலியாக இருக்காது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அப்படியொரு அலுப்பு.

"அண்ணா, இத கொஞ்சம் பாருங்க."

டீயோடு வந்தவர் பார்த்தார், குடிக்க மறந்தார்.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அம்ப எடுத்துட்டா படம் நல்லாத்தாம்மா இருக்கும்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்காக இல்ல, உனக்காகத்தான் சொல்றேன்."

நல்ல மனிதர்தான். தன் மனதில் ஓடியதையே அவர் வாய்விட்டுச் சொன்னதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அம்புகளை எடுத்துப் பார்த்தாள். படம் நன்றாகத்தான் இருந்தது. அம்புகளைத் திரும்பப் போட்டாள்.

"மறுபடி ஓட்டணும் அண்ணா."

"ம்." டீயைக் கீழே வைத்தார். "நானே மேல போய்ச் சொல்றேன். தப்புல எனக்கும் பாதி இருக்கு."

காற்றைத் திருப்பிப் போட்டு, சோதனைக்கு ஒரே ஒரு குளிர்காலத்தை ஓட்டினாள். சாயங்காலம் அது முடிகிற சமயம் கணவனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மகள்.

"அம்மா, கட்டில தள்ளிப் போட்டுட்டோம். நீ எந்தப் பக்கம் படுத்துக்குவ? செவுத்துப் பக்கமா?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"நீ செவுத்துப் பக்கம் படுத்துக்கோ. கீழ விழுந்துடுவ."

"அப்ப நீ இந்தப் பக்கம். அப்பாவுக்கு பாய்தான்." அப்பா ஏதோ சொல்ல, மகள் சிரித்தாள். அலமாரியில் அம்மாவுக்கு எந்தத் தட்டு, தலையணைக்கு எந்த உறை என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

திரையில் பனி கரையை விட்டுப் பிரிந்தது. நடுவே முடி அளவுக்குக் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. மகள் பேசப்பேச அது அகலமாகிக்கொண்டே போயிற்று.