சேர்த்துப் படிக்க வேண்டிய சொல்

பஞ்சு மூட்டைக்குள் ஒளிந்துகொண்ட முள்ளம்பன்றி ஒன்று, இனி எல்லோரும் தன்னைத் தலையணை என்றே நம்புவார்கள் என மகிழ்ந்ததாம். யாரும் தலை வைக்காத வரையில் அதன் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. புதிய கல்லூரியின் அலுவலக அறையில், வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீக்குச்சிக்கு, அந்த முள்ளம்பன்றியே தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று தோன்றியது.

தீக்குச்சி என்பது, அவனுடைய ஒல்லி உடம்பைப் பார்த்துப் பழைய கல்லூரி விடுதியில் வைத்த பெயர். பிறகு வேறொரு காரணத்துக்கும் அது பொருந்திப்போயிற்று. அறைக்குள் கஞ்சா புகைத்துக்கொண்டிருந்த மூவரில், காப்பாளர் கதவைத் தட்டி "உள்ளே யாரு?" என்று கேட்டபோது, "யாரும் இல்ல சார்" என்று பணிவோடு பதில் சொன்ன அறிவாளி அவன்தான். ஒரு பருவம் இடைநீக்கம். முடிந்ததும் திரும்பி வரலாம் என்றார்கள். திரும்பினால் போகிற கதவிலெல்லாம் "உள்ளே யாரு?" என்று தட்டிச் சிரிப்பார்களே! ஆகவே வேறு கல்லூரி. இரண்டு இடங்களில் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார்கள். இங்கும் இல்லையென்றால் படிப்புக்கு முழுக்குத்தான்.

படிவத்தில் 'இடைவெளிக்கான காரணம்' என்ற கட்டம் இரண்டு விரல் அகலமே இருந்தது. மேல்வரியில் 'இடை' என்றும், இடம் போதாமல் கீழ்வரியில் 'நீக்கம்' என்றும் எழுதியிருந்தான். எழுத்தர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார். இறக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"இடை... நீக்கமா? இடுப்பைக் குறைக்கவா தம்பி ஒரு பருவம் லீவு போட்டே? அதான் இப்படி ஒட்டிப்போயிருக்கியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் செருப்பு அவன் கால்மேல் ஏறியது.

"ஆமாங்க. முன்னாடி ரொம்பக் குண்டா இருப்பான்," என்றாள், கண்ணிமைக்காமல். கொஞ்சமாவது சதை போடட்டும் என்று இருபது வருஷமாக அவனுக்கு ஊட்டி ஊட்டித் தோற்றவள்.

எழுத்தர் அம்மாள் கட்டத்தின் ஓரத்தில் 'மருத்துவ விடுப்பு' என்று பென்சிலால் குறித்தார்.

"முதல்வர் கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. அது சரி, என்ன மருந்து குடுத்தாங்க? நானும் நாலு வருஷமா நடையா நடக்கிறேன், பாவாடை நாடா ஒரு விரல்கூடத் தளரல."

"மூலிகைதான் மேடம்." அன்று காலையிலிருந்து அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை, அவனை அறியாமல் வெளியே வந்துவிட்டது.

"மூலிகையா! அப்ப ஒரு கெடுதலும் பண்ணாது. பேரைச் சொல்லு, சாயங்காலமே கடையில கேட்டு வாங்கிடறேன்."

துண்டுத்தாளின்மேல் பேனா காத்திருந்தது. ஏதாவது ஒரு செடியின் பெயரைச் சொல்லித் தப்பிவிடலாம். இந்த அம்மாள் அதை நம்பி, அரைத்துக் குடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பதை நினைத்துப் பார்த்தான். செருப்பு இன்னும் அழுத்தியது. பொய்யைக் கடைசிவரை சொல்லவும் தெரியாது, தொடங்காமல் இருக்கவும் தெரியாது. இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றக் கிளம்பியிருக்கிறோமே என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

"மேடம், அதைச் சேர்த்துப் படிக்கணும். இடைநீக்கம். விடுதியில கஞ்சா பிடிச்சு மாட்டிக்கிட்டேன். நான் பொறந்ததிலிருந்தே இந்த சைஸ்தான்."

"பாவி!" என்றாள் அம்மா.

எழுத்தர் அம்மாள் துண்டுத்தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். பென்சில் குறிப்பை ரப்பரால் அழித்தார். பிறகு 'இடை'யின் வாலிலிருந்து 'நீக்க'த்தின் தலைக்கு ஒரு சின்னக் கோடு இழுத்து இணைத்தார்.

"உள்ளே போய் இதையே சொல்லு. மருத்துவம்னு போயிருந்தா, அவரு சர்டிபிகேட் கேட்டிருப்பாரு. எதைக் காட்டியிருப்பே, இடுப்பையா?"

முதல்வரின் கதவைத் தட்டினான்.

"யாரு?"

'யாரும் இல்ல' என்பது பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"நான்தான் சார்."

அரை மணி கழித்து வெளியே வந்தான். விடுதி கிடையாது, மாதம் ஒருமுறை பரிசோதனை, இன்னொரு புகார் வந்தால் அன்றைக்கே வெளியே. ஆனால் படிவத்தின் அடியில் கையெழுத்து இருந்தது.

எழுத்தர் அம்மாள் ஓங்கி முத்திரை குத்தினார்.

"ஏங்க, பையன் குண்டா இருந்தப்ப எடுத்த போட்டோ ஒண்ணு இருந்தா அடுத்த தடவை கொண்டாங்க. பாக்கணும்."

அம்மா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.